பத்துக்குப் பத்து சரி... ஆனால் இருபத்து மூன்றாம் இடம்!

இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "கவிதை வேண்டாம்ப்பா, நூத்துக்கு மேல வந்து கெடக்கு. நீ டெக்னிக்கலா ஏதாச்சும் எழுது" என்று மலர்க் குழு அண்ணன் சொல்லிவிட்டார். லேத்தைப் பற்றி எழுதலாம் என்றால் அதைப் பற்றி உங்களுக்கே எல்லாம் தெரியும். எனவே போன செமஸ்டரில் என் தூக்கத்தைக் கெடுத்த ஒரு கணக்கைப் பற்றி எழுதுகிறேன்.

முன்பெல்லாம் வகுப்பில் செல்போனை வெளியே எடுத்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். இப்போது "எல்லாரும் செல்லை எடுங்கப்பா" என்று ஸாரே சொல்கிறார்! ஆன்லைன் வினாடி வினா விளையாட்டு வந்த பிறகு வந்த மாற்றம் இது. திரையில் கேள்வி வரும், நாலு விடை வரும், மேலே நேரம் ஓடும். நாம் செல்லில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் முதல் ஐந்து பேரின் பெயர் திரையில் வரும். விசில் என்ன, கைத்தட்டல் என்ன! பின் பெஞ்சில் தூங்குபவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். அந்த வகையில் நல்ல சமாச்சாரம்தான், மறுக்கவில்லை.

அன்றைக்கு 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 20 வினாடி. முந்தின வாரம் நடத்திய வெல்டிங் பாடம். நான் ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். பத்து கேள்விக்கும் என் செல்லில் பச்சை நிறம்தான் வந்தது. பத்துக்குப் பத்து! நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஸார் பட்டியலை வாசித்தார். நான் 23-வது இடம். மொத்தம் இருந்தது 50 பேர்.

பக்கத்து பெஞ்ச் நண்பன் 14-வது. "உனக்கு எத்தனைடா சரி?" என்று கேட்டேன். "ஏழு" என்றான், சிரித்துக்கொண்டே.

வெறும் விளையாட்டு என்றால் விட்டுத் தள்ளியிருப்பேன். ஆனால் ஸார் அன்று ஓர் அறிவிப்பும் செய்தார். "இனிமே அசைன்மென்ட் மார்க் இதுலதான். முதல் 20 பேருக்கு 5, அடுத்த 20 பேருக்கு 3, மீதிப் பேருக்கு 1." ஆக, எல்லாம் சரியாகச் சொன்ன எனக்கு 3. மூன்றைத் தப்பாகச் சொன்ன நண்பனுக்கு 5.

ராத்திரி அப்பா போன் பண்ணினார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பாவுக்குப் பாடத்தின் பெயரெல்லாம் புரியாது. எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எத்தனாவது வந்த?" அன்று என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. "டவர் சரியாக் கெடைக்கலப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வரும் சோளக்காட்டுச் சந்தையில் அப்பா மிளகு விற்பார். தட்டுத் தராசு இருந்த காலத்தில், மூட்டையை வைப்பதற்கு முன் வெறும் தராசைத் தூக்கிப் பிடிக்கச் சொல்வாராம். முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மிளகை இறக்குவாராம். இப்போது எலெக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. அதிலும் விடமாட்டார். "சைபர் காட்டுதா பாருடா" என்று என்னைக் கேட்பார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, சைபர் தெரியும். போனை வைத்த பிறகு அதுதான் ஞாபகம் வந்தது. இந்த விளையாட்டின் தராசு எப்படி எடை போடுகிறது என்று பார்க்காமலே நான் மூட்டையை இறக்கிவிட்டேனே!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்த ரக விளையாட்டுகளில் உலகம் முழுக்கப் பேர் போனது கஹூட். நார்வே நாட்டு அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃப் இங்கே வாங் என்ற பேராசிரியர், வகுப்பறையையே ஒரு டி.வி. போட்டி மாதிரி ஆக்கினால் என்ன என்று ஆராய்ச்சி செய்தார். அதிலிருந்து பிறந்தது இது. 2012-ல் கம்பெனி ஆரம்பித்து, 2013-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சிவப்பு முக்கோணம், நீல வைரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் என்று நாலு பட்டன். பார்த்த ஞாபகம் இருக்குமே!

இதில் ஒரு சாதாரணக் கேள்விக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. எப்படிப் போடுகிறார்கள் என்பதை அந்தக் கம்பெனியே வெளியிட்டிருக்கிறது. நாம் விடை சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை, கேள்விக்குக் கொடுத்த நேரத்தால் வகுக்க வேண்டும். வந்ததில் பாதி எடுக்க வேண்டும். அதை ஒன்றிலிருந்து கழித்து, 1000-ஆல் பெருக்கி, பக்கத்து முழு எண்ணாக்க வேண்டும். அவ்வளவுதான். விடை தப்பென்றால் சைபர். அரை வினாடிக்குள் சரியாக அழுத்திவிட்டால் முழு 1000. (அரை வினாடியில் கேள்வியை எவன் படிப்பான் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்துபவன்தான்!)

எங்கள் வகுப்பில் நடந்ததும் இந்த வகைதான். என் புள்ளிகளை இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன், ஒத்து வந்தது.

ஓர் உதாரணம் பாருங்கள். 20 வினாடி கேள்வி. 4-வது வினாடியில் சரியாக அழுத்தினால்: 4-ஐ 20-ஆல் வகுத்தால் 0.2. பாதி 0.1. ஒன்றில் கழித்தால் 0.9. ஆக 900 புள்ளி. 10-வது வினாடியில் அழுத்தினால் 750. கடைசி வினாடி வரை இழுத்து அழுத்தினால் 500. அதற்குக் கீழே போகாது. இரண்டாம் செமஸ்டர் கணக்கை மறக்காதவர்கள் இதை ஒரு கிராஃபாகப் போட்டுப் பாருங்கள். 1000-ல் ஆரம்பித்து 500-ல் முடிகிற, கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரு நேர்கோடு. அதன் சரிவுதான் முக்கியம். 20 வினாடிக்குள் 500 புள்ளி இறங்க வேண்டும், எனவே ஒரு வினாடிக்கு 25 புள்ளி விலை.

அதாவது ஆயிரத்தில் பாதி, சரியான விடைக்கான கூலி. மீதிப் பாதி வேகத்துக்கான போனஸ். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டிக் காட்டிவிடுவதால், பட்டியலைப் பார்க்கிறவருக்கு எது கூலி, எது போனஸ் என்று தெரியாது.

இப்போது என் கதையைப் போடுவோம். நான் சராசரியாக 16-வது வினாடியில் அழுத்தினேன். கேள்விக்கு 600 புள்ளி. பத்துக்கும் 6000. நண்பன் சராசரியாக 2-வது வினாடியில் அழுத்தினான். கேள்விக்கு 950. ஏழுக்கு 6650! அவன் மூன்று கேள்வி கோட்டைவிட்டும் என்னைவிட 650 புள்ளி முன்னால். கணக்கு எங்கேயும் ஏமாற்றவில்லை. சொன்னபடிதான் நடந்திருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

அது சரி, நான் ஏன் 16 வினாடி எடுத்தேன்? மந்தமா? மறுநாள் இன்னொரு நண்பனிடம் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து, அதே மாதிரிக் கேள்விகளை வைத்து அளக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் உள்ள கேள்வியையும் நாலு விடையையும் படித்து, மனசுக்குள் தமிழாக்கிப் புரிந்துகொள்ள சுமார் 12 வினாடி. யோசிக்க 3. விரலை வைத்து அழுத்த 1. நான் பத்தாவது வரை மலை மேல் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். 'ஷீல்டிங் கேஸ்' என்றால் எது என்று எனக்குத் தெரியும், அந்தக் கேள்வி வாக்கியத்தைத் தாண்டி வருவதற்குத்தான் நேரம். அதே கேள்வியைத் தமிழில் எழுதிக் கொடுத்தபோது மொத்தமே 6 வினாடியில் முடித்துவிட்டேன். 20 வினாடிக் கேள்வியில் 6 வினாடி என்றால் 850 புள்ளி. அதே ஆள், அதே மூளை, அதே வெல்டிங். ஆனால் 250 புள்ளி வித்தியாசம். கடிகாரத்துக்கு நாம் யோசிக்கிறோமா, எழுத்துக் கூட்டிப் படிக்கிறோமா என்று எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு ஓடும்.

இன்னொன்றும் கவனித்தேன். கேள்வி பெரிய திரையில் மட்டும் வந்து, நம் செல்லில் பட்டன்கள் மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு எழுத்துத் தெரிய ஒரு வினாடி, குனிந்து செல்லில் நிறத்தைத் தேட ஒரு வினாடி. போச்சு 50 புள்ளி. கண்ணாடி போட வேண்டியும் போடாமல் திரிகிற நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

"இதெல்லாம் சரிடா, நாங்க எப்படி ஜெயிக்கிறது, அதைச் சொல்லு" என்கிறீர்களா? அதற்கும் கணக்கு இருக்கிறது. பலரும் நினைப்பது, வேகமாக அழுத்தினால்தான் லாபம் என்று. பாதிதான் உண்மை.

20 வினாடிக் கேள்வியில், இரண்டாவது வினாடியிலேயே "இதா, அதா" என்று இரண்டு விடைக்கு நடுவில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். ஏதோ ஒன்றை அழுத்தினால் பாதி வாய்ப்பு. 950-ல் பாதி, சராசரி 475. அப்படி அழுத்தாமல் கேள்வியை மறுபடி படித்து, 19-வது வினாடியில் உறுதியாகச் சரியான விடையை அழுத்தினால் 525. பார்த்தீர்களா, கடைசி வினாடி வரை காத்திருந்தவன்தான் லாபத்தில் இருக்கிறான்! 12-வது வினாடியில் தெளிவு வந்துவிடும் என்றால் 700 கிடைக்கும். அப்போது அவசரப்பட்டு 2-வது வினாடியில் அழுத்துவது லாபமாக வேண்டுமென்றால், நாலில் மூணு பங்காவது உங்களுக்கு உறுதி இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் விரலை அடக்கிக்கொண்டு படியுங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் மட்டும் யோசிக்காமல் உடனே அழுத்துங்கள். தப்புக்கு அபராதம் கிடையாது, நாலில் ஒரு வாய்ப்பு என்று சராசரி 250 வரை சும்மா வரும்.

சில ஆசிரியர்கள் கடைசிக் கேள்வியை டபுள் பாயின்ட்டாக வைப்பார்கள். அதில் அதிகபட்சம் 2000. ஆயிரம் புள்ளி முன்னால் இருப்பவன் அந்த ஒரு கேள்வியில் சறுக்கினால், பின்னால் இருப்பவன் ஏறிப் போய்விடுவான். கடைசி ஓவரில் சிக்ஸர் அடிக்கிற மாதிரி! பார்க்க ஜோராக இருக்கும், மார்க் போட உதவாது. புள்ளியே இல்லாமல் கேள்வி கேட்கவும் அதில் வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

எல்லா விளையாட்டும் இப்படி இல்லை. நம் பக்கத்து பெங்களூரில் 2015-ல் ஆரம்பித்த குவிஸிஸ் (2025-ல் வேகிரவுண்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்) வேறு மாதிரி. அதில் கேள்வியும் விடையும் அவரவர் செல்லிலேயே வரும். அவரவர் வேகத்தில் அடுத்த கேள்விக்குப் போகலாம். வேகத்துக்குப் புள்ளி உண்டு, ஆனால் ஆசிரியர் நினைத்தால் கடிகாரத்தையே நிறுத்திவிட முடியும். கிம்கிட் என்று ஒன்று. 2017-ல் அமெரிக்காவில் ஜாஷ் ஃபைன்சில்பர் என்ற பள்ளி மாணவர் தன் பள்ளி புராஜெக்டாகச் செய்தது. (நம்ம புராஜெக்ட் எல்லாம் வைவா முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடுகிறது, என்ன செய்ய!) அதில் புள்ளிக்குப் பதில் பணம். சரியாகச் சொன்னால் பணம் வரும், தப்பானால் போகும். சேர்ந்த பணத்தை முதலாகப் போட்டு, அடுத்த விடைக்கு அதிகப் பணம் வருகிற மாதிரி வசதிகள் வாங்கலாம். புளூக்கெட் என்பதில் தங்க வேட்டை என்று ஒரு வகை. சரியான விடை சொன்னால் மூன்று பெட்டியில் ஒன்றைத் திறக்கலாம். தங்கம் வரலாம், கையில் இருப்பதும் போகலாம், அடுத்தவன் தங்கத்தைத் திருடவும் செய்யலாம்! அங்கே முதலிடம் வந்தவன் நன்றாகப் படித்தவனா, ராசிக்காரனா என்று சொல்வது கஷ்டம். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

வேகத்தை எப்படி நடத்துவது என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். கொல்லிமலையை ஆண்ட ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்தான் என்று கதை. இந்த விளையாட்டில் அவனுக்கு எத்தனை புள்ளி கொடுப்பார்களோ! விழாவில் வில்வித்தைப் போட்டி உண்டு. சின்ன வயதிலிருந்து வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறேன். வில்வித்தையில் நடு வட்டத்தில் பட்டால் 10, வெளியே போகப் போக 9, 8 என்று இறங்கும். சர்வதேசப் போட்டிகளில் இருவர் மாறி மாறி எய்யும்போது ஓர் அம்புக்கு 20 வினாடி. நம் வெல்டிங் கேள்விக்குக் கொடுத்த அதே 20! ஆனால் அங்கே 3-வது வினாடியில் எய்து நடுவில் பட்டாலும் 10, 19-வது வினாடியில் எய்து நடுவில் பட்டாலும் 10. நேரம் அங்கே ஒரு வேலி, அவ்வளவுதான். வேலிக்குள் நிற்கிற வரை யாரும் வாடகை கேட்பதில்லை. நம் விளையாட்டில் நேரம் ஆட்டோ மீட்டர். உட்கார்ந்த நிமிடத்திலிருந்து ஓடும்.

நம்மில் பலர் எழுதப் போகிற டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். கேள்விக்குச் சராசரி 54 வினாடி. சரியான விடைக்கு ஒன்றரை மார்க். ஐந்து வினாடியில் ஷேடு பண்ணினாலும் ஐம்பது வினாடியில் பண்ணினாலும் அதே ஒன்றரை. நீட் தேர்வில் சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். அங்கே பயம் தப்பைப் பற்றி, வேகத்தைப் பற்றி அல்ல. டி.வி.யில் "நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி" பார்த்திருப்பீர்கள். அதில் வேகம் ஹாட் சீட்டில் உட்காரும் ஆளைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான். உட்கார்ந்த பிறகு சீக்கிரம் சொன்னதற்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரமாட்டார்கள்.

வேகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒருவன் சட்டைக் கை சக்கில் மாட்டினால், எமர்ஜென்சி ஸ்விட்ச் எது என்று 16 வினாடி யோசிக்க முடியாது! அந்த மாதிரி விஷயத்துக்கு 5 வினாடி கொடுத்து விளையாடட்டும், நல்லது. வெல்டிங் சிம்பலுக்கு எதற்கு?

இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தேனே தவிர, ஸாரிடம் போகத் தைரியம் வரவில்லை. மார்க்குக்காகச் சண்டை போடுகிறான் என்று நினைத்துவிட்டால்? ஒரு வாரம் கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. கஹூட் கணக்கில் எல்லாவற்றையும் கம்பெனி முடிவு செய்வதில்லை. கொடுக்கிற நேரத்தை ஆசிரியர்தான் முடிவு செய்கிறார். 5 வினாடியிலிருந்து 4 நிமிடம் வரை வைக்கலாம். நேரத்தைக் கூட்டினால் கோட்டின் சரிவு குறையும். 20 வினாடிக் கேள்வியில் ஒரு வினாடிக்கு விலை 25. அதையே 60 வினாடி ஆக்கினால் விலை சுமார் 8 ஆகிவிடும். 10 வினாடி ஆக்கினால் 50!

ராத்திரி மெஸ்ஸில் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, என்னையும் நண்பனையும் ஒவ்வொரு நேரத்துக்கும் போட்டுப் பார்த்தேன். நான் அதே 16 வினாடி, பத்து சரி. அவன் அதே 2 வினாடி, ஏழு சரி. 30 வினாடி வைத்தால் எனக்கு 7330, அவனுக்கு 6769. அட, நான் முன்னால் வந்துவிட்டேன்! அப்படியானால் எந்த இடத்தில் மாறுகிறது? 24 வினாடி வைத்தால் எனக்கு 6670, அவனுக்கு 6706. அவன் ஜெயிக்கிறான். 25 வினாடி வைத்தால் எனக்கு 6800, அவனுக்கு 6720. நான் ஜெயிக்கிறேன். நண்பர்களே, இதை நான் மூன்று தடவை சரிபார்த்தேன். எங்கள் இருவரின் அறிவும் விடைகளும் விரலும் அப்படியே இருக்க, ஸார் 24 என்று வைத்தாரா 25 என்று வைத்தாரா என்பதில் யார் பெரியவன் என்பது மாறிவிடுகிறது. அந்த ஒரு வினாடிதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றேன். "ஸார், ஒரு சந்தேகம் ஸார்." நோட்டை வாங்கிப் பார்த்தார். முதலில் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு அவரே கால்குலேட்டரை எடுத்து 24-க்கும் 25-க்கும் போட்டுப் பார்த்தார். "அடேய், 20 வினாடின்னு அதுவா வந்து நின்னுச்சுடா, நான் மாத்தவே இல்லை" என்றார். யார் என்ன நினைத்து வைத்த எண்ணோ, எங்கள் அசைன்மென்ட் மார்க்கை முடிவு செய்துகொண்டிருந்தது! பட்டியலைத் தவிர, யாருக்கு எத்தனை சரி என்று தனியாக ஓர் அறிக்கையும் வருமே ஸார் என்றேன். "வரும். அதைத் தொறந்து பார்த்ததே இல்லை" என்று ஒத்துக்கொண்டார். மூத்தவர் அப்படி ஒத்துக்கொண்டது எனக்கே கூச்சமாக இருந்தது.

அடுத்த வாரம் 60 வினாடி வைத்து நடத்தினார். மார்க் சரியான விடை எண்ணிக்கைக்கு மட்டும், பட்டியல் சும்மா ஜாலிக்கு என்று சொல்லிவிட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், விளையாட்டு முன்பு மாதிரி விறுவிறுப்பாக இல்லை. சீக்கிரம் முடித்தவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைவிட ஒரு புதுத் தொல்லை. எல்லோரும் விடை சொல்லிவிட்டால் 60 வினாடி முடியும் முன்பே கேள்வி முடிந்துவிடும். எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள் என்று திரையில் எண் வேறு ஏறும். 47, 48, 49... "யாருடா அந்த ஒருத்தன், அமுக்கித் தொலைடா" என்று சத்தம். அந்த ஒருத்தன் பெரும்பாலும் நான்தான். இதற்கு எந்தச் சூத்திரமும் என்னிடம் இல்லை. காதை மூடிக்கொண்டு படித்தேன்.

கடைசியில் நான் 2-வது இடம். நண்பன் 19-வது. அவன் கோபிக்கவில்லை, "அடுத்த வாரம் பாருடா" என்றான். அடுத்த வாரம் நிஜமாகவே படித்துவிட்டு வந்து ஒன்பது சரி செய்தான், அது வேறு கதை.

முதலிடம் யாருக்கு என்று சொல்லவில்லையே. எங்கள் வகுப்பில் இருப்பதே 2 மாணவிகள். அதில் ஒருவர், அட்டெண்டன்ஸுக்குத் தவிர வாயே திறக்காதவர். திரையில் அவர் பெயர் மேலே வந்தபோது ஒரு வினாடி யாரும் கைதட்டவில்லை. யார் இது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, "போன தடவை உங்களுக்கு எத்தனைங்க சரி?" என்று கேட்டேன்.

"ஒன்பது. இடம் முப்பத்தொண்ணு. எனக்கு எப்பவும் ஒன்பது, பத்துதாங்க வரும்" என்றார். "திரையில அஞ்சு பேரைத்தானே காட்டுறாங்க, யாருங்க பார்த்தா?"

அன்று ராத்திரி நானே அப்பாவுக்குப் போன் பண்ணினேன். "ரெண்டாவதுப்பா" என்றேன். "மொத யாரு?" என்று கேட்டார்.